முதல் நாளே மலையா?

கேள்வி: சாந்தியாகோ பாதயாத்திரையை பிரான்சின் சான்-ழான்-பியே-து-போர் ஊரில் தொடங்குகிறேன். ரயிலை விட்டு இறங்கியதும் நடக்கலாமா, ஒரு நாள் தங்கணுமா?

பதில்: தங்குங்கள். ஊர் இருப்பது சுமார் 170 மீட்டர் உயரத்தில். முதல் நாளே பிரனீஸ் மலையில் 1,400 மீட்டர் உயரத்துக்கு மேல் ஏறி, ஸ்பெயினின் ரொன்செஸ்வாயெஸில் இறங்க வேண்டும். சுமார் 25 கிலோமீட்டர். மதிய ரயிலில் வந்து கிளம்பினால் மலையிலேயே இருட்டிவிடும். 'ஏறக்குறைய 780 கிலோமீட்டர் நடக்கப்போகிறவளுக்கு ஒரு நாள் வீண்தானே' என்று தோன்றலாம். வீணில்லை. சிதாதெல் தெருவில் உள்ள யாத்ரீகர் அலுவலகத்தில் யாத்ரீகர் அட்டையும் முதல் முத்திரையும் கிடைக்கும். மலைப்பாதையின் வானிலையையும் சொல்வார்கள். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை அந்தப் பாதை மூடப்பட்டிருக்கும். அப்போது வால்கார்லோஸ் பள்ளத்தாக்கு வழியாகத்தான் போகணும். தெருவெல்லாம் நினைவுப்பொருள் கடைகள் என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு, அதுவும் உண்மைதான். ஆனால் அதே தெருவின் மேல்முனையில், 1998-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற புனித யாக்கோபு வாசல் நிற்கிறது. மாலையில் அதன் வழியே நுழைந்து, நீவ் ஆற்றுப் பாலம் வரை நடந்து பாருங்கள்; காலுக்கும் ஒத்திகை. கோடையில் போவதானால் படுக்கையை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.