கனமான தோல் பூட்ஸ்: காலுக்குப் பொருந்த வாங்குவதும் பழக்குவதும்

அரிசி மண்டி, மளிகை மொத்தக் கடை, எண்ணெய் வியாபாரம், இரும்பு, சிமென்ட், ஓடு என எந்த வணிகமானாலும் சரக்கு ஏற்றி இறக்காமல் நடப்பதில்லை. கிட்டங்கியில் வேலை செய்வோரின் கால் விரல் மீது ஒரு டின் விழுந்தால் அவருக்கு மாதக் கணக்கில் வருமானம் போகும். நமக்கும் வைத்தியச் செலவு, வேலை முடக்கம், மனவருத்தம் எல்லாம் சேர்ந்து வரும். இதை உணர்ந்த வணிகர்கள் பலர் இப்போது தங்கள் ஆட்களுக்குக் கனமான தோல் பூட்ஸ் வாங்கிக் கொடுக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் வாங்கிய ஒரு மாதத்திற்குள் அந்தப் பூட்ஸ் கிட்டங்கி மூலையில் கிடப்பதையும், ஆட்கள் பழையபடி ரப்பர் செருப்போடு மூட்டை சுமப்பதையும் நாம் காண்கிறோம். “கடிக்கிறது”, “கனக்கிறது”, “கால் வேகிறது” என்று காரணம் சொல்வார்கள்.

குறை பெரும்பாலும் பூட்ஸில் இல்லை, பொருத்தத்தில்தான் இருக்கிறது. ரப்பர் செருப்பு ஓர் அளவு கூடக்குறைய இருந்தாலும் காலுக்குத் தொந்தரவில்லை. ஜோடி ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள தோல் பூட்ஸ் அப்படியல்ல. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் அதற்குள் இருக்கும் பாதம் ஒவ்வொரு அடியிலும் உராயும். ஆகவே பொருத்தம் பார்த்து வாங்கும் முறையைப் படிப்படியாகக் காண்போம்.

அளவெண் எதைச் சொல்கிறது?

நம் கடைகளில் 6, 7, 8 என்று கேட்டு வாங்குவது இங்கிலாந்து அளவு முறை. இதில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள நீள வித்தியாசம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர். பழங்காலத்தில் ஒரு வாற்கோதுமை மணியின் நீளத்தைக் கொண்டு வகுத்த கணக்கு இது. 40, 41, 42 என்று வருவது ஐரோப்பிய முறை. அதில் எண்ணுக்கு எண் சுமார் 6.7 மில்லிமீட்டர்.

இந்த எண்கள் காலின் நீளத்தை நேராகக் குறிப்பவை அல்ல. பூட்ஸைத் தைக்கப் பயன்படும் அச்சுக்கட்டையின் நீளத்தையே குறிக்கின்றன. ஒவ்வொரு உற்பத்தியாளரின் அச்சுக்கட்டையும் வேறு வடிவம். எனவே ஒரு கம்பெனியில் 8 பொருந்தியது என்பதால் மற்றொரு கம்பெனியிலும் 8 பொருந்தும் என்று எண்ணிவிடலாகாது.

நீளத்தைப் போலவே அகலமும் முக்கியம். சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021-22இல் நாடெங்கும் ஒரு லட்சத்திற்கு மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்து பார்த்தது. ஐரோப்பியர், அமெரிக்கரின் பாதத்தைவிட நம்மவர் பாதம் பொதுவாக அகலமானது என்பது அதில் தெரியவந்தது. வெறுங்காலோடும் திறந்த செருப்போடும் நடந்து விரல்கள் விரிந்த கால்களுக்குக் குறுகலான அச்சில் செய்த பூட்ஸ் எப்படிச் சேரும்?

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். அகலம் போதவில்லை என்றால் ஓர் எண் பெரிதாக வாங்கிவிடுகிறார்கள். 7 எண் நீளமுள்ள அகலக் காலுக்கு 8 எண் பூட்ஸ் போட்டால் சுற்றளவில் சுமார் கால் அங்குலம் கூடுவது உண்மை. ஆனால் நீளமும் 8.5 மில்லிமீட்டர் கூடிவிடுகிறது. பூட்ஸ் மடங்கும் இடமும் பாதம் மடங்கும் இடமும் விலகிப்போகின்றன. குதிகால் ஏறி இறங்கும். அங்கே கொப்புளம் வரும். மேல்தோல் தவறான இடத்தில் மடிந்து விரலை அழுத்தும். அதே எண்ணில் அகலமான அச்சில் செய்ததைக் கேட்டு வாங்குவதே முறை. அந்தக் கம்பெனியில் கிடைக்காவிட்டால் வேறு கம்பெனி பார்க்க வேண்டும்.

காலை அளக்கும் முறை

1. மாலையில் அளக்க வேண்டும். நாள் முழுதும் நின்று நடந்த பாதம் சற்றுப் பெருத்திருக்கும். காலையில் சரியாக இருக்கும் பூட்ஸ் மாலையில் இறுக்கும்.

2. வேலைக்குப் போடும் அதே காலுறையுடன் அளக்க வேண்டும்.

3. சுவரோரம் ஒரு தாளைப் போட்டு, குதிகால் சுவரைத் தொடும்படி அதன்மேல் நிற்க வேண்டும். உடல் எடை முழுவதும் அந்தக் காலில் இருக்கட்டும். உட்கார்ந்துகொண்டு அளந்தால் நீளம் குறைவாகவே காட்டும்.

4. மிக நீண்ட விரலின் நுனியைக் குறிக்க வேண்டும். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீண்டிருக்கும்.

5. விரல்களுக்குப் பின்னால் பாதம் மிக அகன்றிருக்கும் இடத்தைத் தையற்காரர் டேப்பால் சுற்றி அளந்து எழுத வேண்டும்.

6. இரண்டு காலையும் அளக்க வேண்டும். பலருக்கு இரு பாதங்களும் சமமாக இருப்பதில்லை. பெரிய காலுக்கே பூட்ஸ் வாங்க வேண்டும்; சிறிய காலுக்கு உள்ளே ஒரு மெல்லிய அட்டை போட்டுச் சரிசெய்துகொள்ளலாம்.

போட்டுப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை

பூட்ஸின் உள்ளட்டை கழற்றக்கூடியதாக இருந்தால் அதை வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன்மேல் நின்று பாருங்கள். பாதத்தின் ஓரம் அட்டைக்கு வெளியே வழிந்தால் அந்தப் பூட்ஸ் குறுகல். விரல் நுனிக்கு முன்னால் 10 முதல் 12 மில்லிமீட்டர் இடம் மிஞ்ச வேண்டும்.

பிறகு பூட்ஸைப் போட்டுக் குதிகாலைத் தரையில் இருமுறை தட்டிப் பின்னுக்குத் தள்ளிய பின்பே லேஸ் கட்ட வேண்டும். எழுந்து நடந்து, குந்தி எழுந்து, இரண்டு படி ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும். விரல்களை உள்ளே அசைக்க முடிய வேண்டும். படி இறங்கும்போது விரல் முன்னால் போய் இடிக்கக் கூடாது. பூட்ஸ் மடங்கும் இடத்தில்தான் பாதமும் மடங்க வேண்டும்.

குதிகால் கொஞ்சமும் அசையக் கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள். புதுப் பூட்ஸின் அடிப்பாகம் விறைப்பாக இருப்பதால் கால் அங்குலம் வரை குதிகால் எழும்புவது இயல்பே; அடிப்பாகம் வளையப் பழகியதும் அது குறைந்துவிடும். அதற்கு மேல் எழும்பினால் பூட்ஸ் பெரிது.

“போடப் போடச் சரியாகிவிடும்” என்று விற்பனையாளர் சொன்னால் எது சரியாகும், எது ஆகாது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். தோல் அகலவாட்டில் ஓரளவு விரிந்து கொடுக்கும். நீளவாட்டில் பூட்ஸ் வளராது. விரல் இடிக்கும் பூட்ஸ் என்றைக்கும் இடித்துக்கொண்டேதான் இருக்கும்.

முன்பக்க இரும்புத் தொப்பி

சரக்குக் கையாளுவோருக்கு விரல் பகுதியில் இரும்புத் தொப்பி வைத்த பூட்ஸே ஏற்றது. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 15298, இரண்டாம் பகுதியின்படி இந்தத் தொப்பி 200 ஜூல் ஆற்றலுள்ள மோதலைத் தாங்க வேண்டும். நம் கணக்கில் சொன்னால், 15 கிலோ எண்ணெய் டின் ஒன்று நாலடி உயரத்திலிருந்து நழுவி விழுந்தால் ஏற்படும் மோதல் சுமார் 180 ஜூல். ஆக, நம் கிட்டங்கியில் அன்றாடம் நடக்கக்கூடிய விபத்தையே இது தடுக்கிறது.

இரும்புத் தொப்பி சிறிதும் விரியாது என்பதை மறக்கலாகாது. சுண்டுவிரலோ பெருவிரலோ தொப்பியின் ஓரத்தில் பட்டால் அந்தப் பூட்ஸை வாங்கவே கூடாது. பலமான அடி ஒன்று வாங்கிய பூட்ஸை, வெளியே சேதம் தெரியாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும். நசுங்கிய தொப்பி அடுத்த முறை விரலைக் காக்காது.

ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதனுடன் உரிம எண்ணும் உள்ளனவா என்று பாருங்கள். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் செல்பேசிச் செயலியில் இட்டுச் சரிபார்க்கலாம். கூடவே உற்பத்தி மாதத்தையும் ஆண்டையும் பாருங்கள். பாலியூரித்தேன் வகை அடிப்பாகம் நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும், போடாமல் பெட்டியிலேயே இருந்தாலும், சில ஆண்டுகளில் உதிரத் தொடங்கும். மலிவு என்று பழைய ஸ்டாக்கை வாங்கினால் மலிவே நஷ்டமாகும்.

லேஸ் கட்டும் விதம்

பூட்ஸைக் காலோடு பிடித்து வைப்பது லேஸ்தான். அவசரத்தில் லேஸைத் தளர்த்தாமலே காலை நுழைப்பது குதிகால் பகுதியை மடக்கிக் கெடுத்துவிடும். விரல் பகுதியில் சற்றுத் தளர்வாகவும், கணுக்கால் மடங்கும் இடத்தில் இறுக்கமாகவும் கட்ட வேண்டும். பாதத்தின் மேல்மேடு வலித்தால் அந்த இடத்துத் துளைகளில் மட்டும் குறுக்கே போடாமல் நேராக மேலேற்றிவிட்டால் அழுத்தம் குறையும். குதிகால் எழும்பினால் கணுக்கால் அருகே லேஸை இரண்டு முறை முறுக்கி முடிச்சிட்டபின் மேலே தொடரலாம்.

புதுப் பூட்ஸைப் பழக்குதல்

புதுப் பூட்ஸை முதல் நாளே முழு நேரம் போட்டுக்கொண்டு லாரி இறக்கப் போகக் கூடாது. முதல் இரண்டு நாள் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி, அரை நாள் என்று கூட்டி இரண்டு வாரத்தில் முழு நாளுக்குக் கொண்டுவரலாம். அதுவரை இடையில் மாற்றிக்கொள்ளப் பழைய காலணியும் கையில் இருக்கட்டும். சிவந்து எரியும் இடம் தெரிந்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். கொப்புளம் வந்தபின் பொறுத்துக்கொண்டு நடப்பதில் பயனில்லை. சீக்கிரம் பழகட்டும் என்று தண்ணீரில் ஊறவைப்பதும் வெயிலில் காயவைப்பதும் தோலை விறைக்கச் செய்து வெடிக்க வைக்கும்.

கால் வேகாமலிருக்க

தடித்த பருத்திக் காலுறை வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும். ஈரத் தோல்தான் சீக்கிரம் உராய்ந்து கொப்புளிக்கும். பருத்தியும் நைலானும் கலந்தது நல்லது. மதியச் சாப்பாட்டு வேளையில் பூட்ஸைக் கழற்றிக் காலைத் துடைத்து வேறு காலுறை மாற்றினால் மாலை வரை சுகமாக இருக்கும். முடிந்தால் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடலாம். உள்ளே இறங்கிய வியர்வை உலர ஒரு நாளாவது வேண்டும். இரண்டு ஜோடியும் நெடுநாள் உழைக்கும்.

மழையில் நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் காற்றாட வைக்க வேண்டும். அடுப்பருகே வைக்கக் கூடாது. நன்றாகக் காய்ந்தபின் பாலிஷ் போட வேண்டும்.

சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு

இது மிக முக்கியம். நம் உறுப்பினர்களிலும் ஆட்களிலும் சர்க்கரை நோயுள்ளவர்கள் பலர். அவர்களில் சிலருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். பூட்ஸ் கடிப்பதே தெரியாது. சாதாரணக் கொப்புளம் புண்ணாகி, ஆறாமல், கடைசியில் விரலையோ காலையோ எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோய்விடும். “கடிக்கவில்லை, சரியாகத்தான் இருக்கிறது” என்று அவர் சொல்வதை வைத்து வாங்கக் கூடாது. அளவெடுத்துத்தான் வாங்க வேண்டும். போடுமுன் பூட்ஸுக்குள் கைவிட்டுக் கல், ஆணி, மடிப்பு எதுவும் உண்டா என்று தடவிப் பார்க்க வேண்டும். இரவில் இரு பாதங்களையும், அடிப்பாதம் உட்பட, பார்த்துக்கொள்ள வேண்டும். உணர்ச்சி குறைந்தவர்கள் கனமான பூட்ஸ் போடலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். அவர்களுக்குக் கிட்டங்கியில் மூட்டை இறக்கும் வேலைக்குப் பதில் கணக்கு, எடை போன்ற வேலை கொடுப்பதும் ஒரு வழி.

மொத்தமாக வாங்கும் முதலாளிகளுக்கு

“எல்லோருக்கும் எட்டாம் நம்பரில் பத்து ஜோடி” என்று சொல்லிவிட்டால் விலை குறையலாம். ஆனால் அதில் நாலு ஜோடி மூலையில் கிடந்தால் மிச்சம் எங்கே? ஆளுக்கொரு சீட்டில் இரு பாதங்களின் நீளம், சுற்றளவு எழுதி, ஒவ்வொரு அளவிலும் ஒரு ஜோடியை முதலில் வரவழைத்துப் போட்டுப் பார்த்தபின் ஆர்டர் கொடுங்கள். போடாத ஜோடியை மாற்றித் தருவதாகப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். தைத்து ஒட்டிய அடிப்பாகமானால் தேய்ந்தபின் மாற்றித் தைக்கலாம். அச்சில் வார்த்து ஒட்டியதை மாற்ற முடியாது. விலையை ஒப்பிடும்போது இதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

பூட்ஸ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நாள் முழுதும் நிற்கும் காலுக்கு ஓய்வு வேண்டும். கடைகளில் ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் திருத்தமே செய்யப்பட்டது. சட்டத்திற்காக மட்டுமன்றி, நம்மோடு உழைப்பவர்களுக்காகவும் ஆளுக்கொரு ஸ்டூலை நாம் போட்டு வைக்க வேண்டும்.

செருப்புக்குத் தக்கபடி காலை வெட்ட முடியாது என்பார்கள். எடைக்கல்லையும் படியையும் சரிபார்க்கும் நமக்குக் காலை அளப்பது பெரிய வேலையல்ல. ஆளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். வாங்கிய பூட்ஸ் காலில் இருக்கும். காலும் பத்திரமாக இருக்கும்.