உறங்காச் சில்லு

நுழையும்முன்

பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் காலையில் இலட்சக்கணக்கான கைப்பேசிகள் ஒரே நேரத்தில் ஒரே முகவரியைத் தேடுகின்றன. விடை தரும் கணினியைத் தேடுவோர் எவரும் பார்த்ததில்லை. அதைப் பராமரிக்கும் பொறியாளரும் பல நேரங்களில் அதன் அருகில் இருப்பதில்லை. கை எட்டாத இடத்தில் உள்ள கணினியை இயக்குவதும், அதன் பழுதை அறிவதும், அதனுள் எழுதப்பட்ட ஆணைகளையே மாற்றி எழுதுவதும் எவ்வாறு நிகழ்கின்றன? அதிலுள்ள இடர் யாது? இப்பாடம் அதனை விளக்குகிறது.

விளக்கணைந்த கூடம்

வங்கி, மருத்துவமனை, தொடர்வண்டி முன்பதிவு, மின்னஞ்சல் என எதுவாயினும் அதன் பின்னணியில் சேவையகங்கள் இயங்குகின்றன. பேச்சுவழக்கில் சர்வர் எனப்படும் இவற்றுக்கு மேசைக்கணினியைப் போலத் தனித்தனித் திரையும் விசைப்பலகையும் இருப்பதில்லை. தட்டையான உலோகப் பெட்டிகளாக, ஆளுயரத்தையும் மிஞ்சிய சட்டங்களில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகப்பட்டிருக்கும். ரேக் எனப்படும் இச்சட்டங்கள் வரிசை வரிசையாக நிற்கும் கூடமே தரவு மையம். விசிறிகளின் இரைச்சல் அங்கே ஓய்வதில்லை. முன்புறம் குளிர்காற்று புகுந்து, பின்புறம் வெப்பக்காற்றாக வெளியேறிக்கொண்டே இருக்கும். மனிதர் நெடுநேரம் தங்குவதற்கு உகந்த இடமன்று. தங்க வேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை.

ஆளில்லாத கூடத்திற்கு விளக்கு எதற்கு? இவ்வெண்ணத்திலிருந்தே 'லைட்ஸ்-அவுட்' என்னும் சொல்லாட்சி இத்துறையில் வழங்கலாயிற்று. ஹியூலெட் பேக்கர்டு சேவையகங்களில் உள்ள தொலைமேலாண்மைக் கருவிக்கு 'இன்டகிரேட்டட் லைட்ஸ்-அவுட்' என்றே பெயர். சுருக்கமாக அதனை ஐ.எல்.ஓ. என்பர்.

விளக்கை அணைத்துவிட்டு வெளியேறுவது எளிது. நள்ளிரவில் ஒரு சேவையகம் செயலற்று நின்றுவிட்டால் அதன் மின்விசையை அழுத்துவது யார்? பொறியாளர் வேறோர் ஊரில் இருக்கக்கூடும். வலைவழியே உள்நுழைய உதவும் மென்பொருள்கள் பல உண்டு. ஆனால் அவை எல்லாம் சேவையகத்தின் இயங்குதளம் நலமாக ஓடும்போது மட்டுமே பயன்படும். இயங்குதளம் நின்றபின் அவற்றை நம்புவது, மயங்கிக் கிடக்கும் நோயாளியிடமே நோயின் வரலாற்றைக் கேட்பதற்கு ஒப்பாகும்.

கணினிக்குள் ஒரு கணினி

இச்சிக்கலுக்குப் பொறியாளர்கள் கண்ட தீர்வு, ஒவ்வொரு சேவையகத்திற்குள்ளும் மற்றுமொரு சிறிய கணினியைக் குடிவைப்பது. தாய்ப்பலகையின்மீது அமர்ந்திருக்கும் அச்சில்லுக்குப் 'பேஸ்போர்டு மேனேஜ்மென்ட் கன்ட்ரோலர்' என்பது பெயர்; துறையினர் பி.எம்.சி. என்பர். இதற்கெனத் தனிச் செயலி, தனி நினைவகம், பெரும்பாலும் தனி வலைத்துளை ஆகியன உண்டு. சேவையகத்தை அணைத்த பின்னரும் மின்கம்பி செருகப்பட்டிருக்கும் வரை இச்சில்லு சிறிதளவு மின்சாரத்தை உண்டு விழித்திருக்கும்.

அதன் பணிகள் பல. செயலியின் வெப்பநிலை, விசிறியின் சுழற்சி, மின்னழுத்தம் ஆகியவற்றை உணரிகள் வழியே இடைவிடாது கண்காணிக்கிறது; பிழை நேர்ந்தால் நேரத்துடன் குறித்துவைக்கிறது. தொலைவிலிருந்து வரும் ஆணையை ஏற்றுச் சேவையகத்தை அணைக்கிறது, இயக்குகிறது. சேவையகம் தன் திரையில் காட்டவிருக்கும் காட்சியைப் பல நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பொறியாளரின் திரைக்கு அனுப்புகிறது. இவற்றினும் வியப்பானது ஒன்றுண்டு. பொறியாளர் தம் மடிக்கணினியில் உள்ள ஒரு கோப்பைக் குறுவட்டாகக் காட்டினால், சேவையகம் தன்னிடமே ஒரு குறுவட்டு செருகப்பட்டதாகக் கருதி அதிலிருந்து இயங்கத் தொடங்கும். வெற்றுப் பெட்டியாக வந்திறங்கிய சேவையகத்தில் இயங்குதளத்தை நிறுவுவதற்கும் எவரும் அருகில் செல்ல வேண்டியதில்லை.

தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி இத்தகைய கருவியை அமைத்தது. 1998இல் இன்டெல், டெல், ஹியூலெட் பேக்கர்டு, என்.இ.சி. ஆகிய நான்கு நிறுவனங்களும் இணைந்து ஐ.பி.எம்.ஐ. என்னும் பொது விதிமுறையை வெளியிட்டன. 2015இல் ரெட்ஃபிஷ் என்னும் புதிய செந்தரம் வந்தது. இணையதளங்கள் பேசும் அதே மொழியில் இது பேசுவதால், ஒரு சிறிய நிரலை எழுதி ஆயிரம் சேவையகங்களுக்கு ஒரே ஆணையை இட முடிகிறது. ஒரே பிழையையும் ஆயிரம் சேவையகங்களில் செய்துவிட முடிகிறது என்பதை மறத்தலாகாது.

வன்மைக்கும் மென்மைக்கும் இடையில்

கையால் தொடக்கூடியது வன்பொருள். ஆணைகளின் தொகுதியாகிய நிரல் மென்பொருள். இவற்றுக்கு இடைப்பட்டது ஒன்று உண்டு. சில்லுக்குள்ளேயே பதிந்து, மின்சாரம் நின்றாலும் அழியாது, அந்த வன்பொருள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதைச் சொல்லும் நிரல் அது. ஆங்கிலத்தில் 'ஃபர்ம்வேர்' எனப்படும் அதனைத் தமிழில் நிலைப்பொருள் என்கிறோம். ஆஷர் ஆப்லர் என்பார் 1967இல் எழுதிய கட்டுரையொன்றில் ஃபர்ம்வேர் என்னும் சொல்லை அறிமுகப்படுத்தினார். வன்மையுமின்றி மென்மையுமின்றி இடைநிற்பதற்கு அவர் ஒரு சொல்லைத் தேட வேண்டியிருந்தது. வல்லினத்துக்கும் மெல்லினத்துக்கும் நடுவே இடையினம் கண்ட இலக்கண மரபில் வந்தோர்க்கு இப்பகுப்பு புதிதாகத் தோன்றாது.

ஒரு சேவையகத்தில் நிலைப்பொருள் ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை. தாய்ப்பலகை, பி.எம்.சி., வலையட்டை, சேமிப்பகக் கட்டுப்படுத்தி, வட்டுகள், மின்வழங்கி என ஒவ்வோர் உறுப்பும் தனக்கென ஒன்றை வைத்திருக்கிறது. எழுதியவர் மனிதர் ஆதலின் அவற்றில் பிழைகளும் இருக்கின்றன. அப்பிழைகள் பல ஆண்டுகள் ஓசையின்றி உறங்கிக்கிடக்கவும் கூடும்.

32,768ஆம் மணி

2019 நவம்பரில் ஹியூலெட் பேக்கர்டு என்டர்பிரைஸ் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு ஓர் அவசர அறிவிப்பை விடுத்தது. அந்நிறுவனச் சேவையகங்களில் பொருத்தப்பட்ட சிலவகைத் திண்மநிலை வட்டுகள், மொத்தம் 32,768 மணிநேரம் இயங்கியதும் செயலிழந்துவிடும் என்பதே அச்செய்தி. மூன்று ஆண்டுகள், 270 நாள்கள், 8 மணி. அதன்பின் வட்டையும் மீட்க இயலாது. அதிலுள்ள தரவையும் மீட்க இயலாது. தேய்மானமோ வெப்பமோ இதற்குக் காரணமன்று. வட்டின் நிலைப்பொருளில் இருந்த குறைபாடே காரணம்.

கணினி அறிவியல் பயில்வோர்க்கு அந்த எண் அறிமுகமானது. இரண்டைப் பதினைந்து முறை பெருக்கினால் கிடைப்பது 32,768. கூட்டல், கழித்தல் குறியுடன் எண்களைப் பதியும் 16 பிட் இடத்தில் அடங்கும் மிகப்பெரிய எண் 32,767. அதற்கு அடுத்த எண்ணுக்கு அங்கே இடமில்லை. குறைபாடு எவ்வகையைச் சார்ந்தது என்பதை எண்ணே சுட்டிக்காட்டுகிறது.

ஒரு வட்டு பழுதாவது தரவு மையத்தில் அன்றாட நிகழ்ச்சி. அதனை எதிர்பார்த்தே ஒரே தரவைப் பல வட்டுகளில் பகிர்ந்து எழுதிவைக்கின்றனர். ஒன்று போனால் மற்றவை தாங்கும். ஆனால் இந்த ஏற்பாடு வட்டுகள் வெவ்வேறு நேரங்களில் பழுதாகும் என்னும் நம்பிக்கையின்மீது நிற்கிறது. ஒரே நாளில் வாங்கி, ஒரே நாளில் பொருத்தி, ஒரே நாளில் இயக்கப்பட்ட வட்டுகள் எல்லாம் ஒரே மணியில் நின்றுபோனால் தாங்குவதற்கு எது எஞ்சும்? திருத்திய நிலைப்பொருளைக் குறித்த மணிக்கு முன்னரே பதிவதொன்றே வழி. அடுத்த ஆண்டு மார்ச்சில் வேறு சில வட்டுகளுக்கு 40,000 மணி என்னும் மற்றொரு கெடுவை அதே நிறுவனம் அறிவித்தது.

'நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை ஏன் தொட வேண்டும்?' என்னும் கேள்வி பொறியாளர்களிடையே அடிக்கடி எழுவதுண்டு. அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் தொடாமல் விடுவதும் ஒரு முடிவே என்பதை அந்த வட்டுகள் உணர்த்தின.

தெரியுமா?

1977இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் 2023 நவம்பரில் பொருளற்ற தரவுகளை அனுப்பத் தொடங்கியது. அதன் நினைவகச் சில்லு ஒன்று பழுதாகியிருந்தது. நாசா பொறியாளர்கள் அச்சில்லில் இருந்த நிரற்பகுதியைப் பிரித்து நினைவகத்தின் வேறு இடங்களுக்கு மாற்றும் ஆணையை 2024 ஏப்ரல் 18 அன்று அனுப்பினர். ஆணை சென்றுசேர ஏறத்தாழ இருபத்திரண்டரை மணிநேரம். விடை திரும்பிவர அதே அளவு நேரம். ஏப்ரல் 20 அன்று விண்கலத்திலிருந்து தெளிவான மறுமொழி வந்தது.

மாற்றி எழுதும் சில நிமிடங்கள்

நிலைப்பொருளைப் புதுப்பிக்கும்போது நிகழ்வது என்ன? புதிய நிரற்கோப்பு பி.எம்.சி.க்கு அனுப்பப்படுகிறது. சில்லில் உள்ள பழைய நிரல் அழிக்கப்பட்டுப் புதியது எழுதப்படுகிறது. எழுதியது சரிதானா எனப் படித்துப் பார்த்தபின் அந்த உறுப்பு மீளத் தொடங்குகிறது. எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் அழித்ததற்கும் எழுதி முடித்ததற்கும் இடையில் மின்சாரம் நின்றுவிட்டால், அந்த உறுப்புக்குத் தான் யார் என்பதே தெரியாமற்போகும். எழுப்ப ஆணையிட்டாலும், ஆணையைப் புரிந்துகொள்ளும் நிரல் அங்கே இல்லை. இந்நிலையை அடைந்த கருவியைப் 'பிரிக்' ஆகிவிட்டது என்பர் துறையினர். செங்கல்லால் ஆகும் பயன்தான் இனி அதனாலும் ஆகும் என்பது கருத்து.

ஆகவே பல பி.எம்.சி.களில் நிரலுக்கு இரண்டு இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. ஓரிடத்தில் உள்ள நிரல் இயங்கிக்கொண்டிருக்க, புதியது மற்றோர் இடத்தில் எழுதப்படும். எழுதி முடித்தபின் புதியதிலிருந்து தொடங்கும்படி சொல்லப்படும். அப்போது ஒரு காவற்கடிகாரமும் ஓடத் தொடங்கும். குறித்த நேரத்திற்குள் புதிய நிரல் நலமாக எழுந்து அக்கடிகாரத்தை நிறுத்தாவிடில், சில்லு தானாகவே பழைய நிரலுக்குத் திரும்பும். ஆறு கடந்தபின் பாலத்தை இடிக்கலாம். கடக்கும்போதே இடிக்கலாகாது என்னும் எளிய எச்சரிக்கையே இவ்வமைப்பின் அடிப்படை.

பொறியாளரின் நடைமுறையிலும் இதே எச்சரிக்கை தேவை. முதலில் அந்தச் சேவையகத்தின் பணியை வேறொன்றுக்கு மாற்றுவர். நிலைப்பொருளோடு வரும் குறிப்பை முழுவதும் படிப்பர். இப்பதிப்புக்கு முன் அப்பதிப்பை நிறுவியிருக்க வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் அதன் நடுவில்தான் ஒளிந்திருக்கும். பின்னர் ஒரேயொரு சேவையகத்தில் பதிந்து சில நாள்கள் காத்திருப்பர். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கும் பொருந்தும். ஆனால் அது ஒரே பானையாக இருக்க வேண்டும். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரு சேவையகங்களில் வலையட்டை வேறாக இருக்கலாம், வட்டு வேறாக இருக்கலாம். ஆதலால் ஒவ்வொரு வகையிலிருந்தும் ஒன்றைத் தேர்ந்து பார்த்த பிறகே பத்துக்கும் நூறுக்கும் செல்வர்.

திறவுகோல் யார் கையில்?

பி.எம்.சி.யிடம் இருக்கும் அதிகாரம் பெரிது. சேவையகத்தின் இயங்குதளத்தில் எத்தனை பாதுகாப்புகள் இருந்தாலும், அவற்றுக்கும் கீழே இருந்துகொண்டு அது ஆணையிடுகிறது. அந்தச் சில்லுக்குள் அயலார் நுழைந்துவிட்டால் வட்டுகளை அழிக்கலாம், இயங்குதளத்தையே மாற்றலாம். 2017இல் ஐ.எல்.ஓ.வின் நான்காம் தலைமுறையில் கண்டறியப்பட்ட ஓட்டை இதற்குச் சான்று. வலைவழியே அனுப்பும் கோரிக்கையின் ஒரு பகுதியில் 'ஏ' என்னும் ஆங்கில எழுத்தை 29 முறை இட்டாலே, கடவுச்சொல் கேட்காமல் அது கதவைத் திறந்துவிட்டது. திருத்திய நிலைப்பொருளை நிறுவனம் அவ்வாண்டே வெளியிட்டது. எனினும் திருத்தம் வெளியாவது வேறு. அது ஒவ்வொரு சேவையகத்திலும் பதியப்படுவது வேறு.

இதனால்தான் பி.எம்.சி.யின் வலைத்துளையைப் பொது இணையத்தோடு இணைப்பதில்லை. அதற்கெனத் தனி வலையமைப்பு ஒன்றை ஏற்படுத்தி, சிலர் மட்டுமே புகுமாறு செய்கின்றனர். தொழிற்சாலையிலிருந்து வரும்போது இருந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுகின்றனர். நிலைப்பொருட் கோப்பிலும் தயாரிப்பாளரின் எண்ணிமக் கையொப்பம் இடப்படுகிறது. முத்திரை முறிந்த ஓலையை ஏற்காத காவலனைப் போல, கையொப்பம் பொருந்தாத கோப்பைச் சில்லு மறுத்துவிடும். இங்கும் ஒரு நுட்பமான இக்கட்டு உண்டு. ஓட்டையுள்ள பழைய பதிப்பும் ஒரு காலத்தில் முறையாகக் கையொப்பமிடப்பட்டதே. பொறியாளர் திரும்பிச் செல்வதற்காக விட்டுவைத்த வழியில், பழைய பதிப்பைப் பதிந்து பகைவரும் உட்புக முடியும். எந்தப் பதிப்பு வரை பின்செல்லலாம் என வரம்பிட வேண்டியிருக்கிறது.

2021 டிசம்பரில் ஈரான் நாட்டுப் பாதுகாப்பு நிறுவனமாகிய அம்ன்பர்தாஸ் வெளியிட்ட அறிக்கை, இத்துறையினரைத் திடுக்கிட வைத்தது. ஐ.எல்.ஓ.வின் நிலைப்பொருளுக்குள்ளேயே ஒரு தீநிரல் குடியேறியிருந்தது. வட்டுகளில் உள்ள தரவை அழிப்பது அதன் வேலை. நிலைப்பொருளைப் புதுப்பிக்கும் முயற்சியை அது எதிர்த்து நிற்கவில்லை. பணிவோடு ஏற்பதுபோல் நடித்தது. புதுப்பித்தல் வெற்றி பெற்றதாக அறிவித்துப் புதிய பதிப்பின் எண்ணையும் திரையில் காட்டியது. உள்ளே எதுவும் மாறவில்லை. ஆயினும் புதிய பதிப்புகளில் நிறுவனம் உள்நுழைவுப் பக்கத்தின் தோற்றத்தை மாற்றியிருந்தது. தீநிரல் காட்டிய எண் புதியது. பக்கத்தின் முகமோ பழையது. கூர்ந்து நோக்கியோர்க்கு அந்த முகமே காட்டிக்கொடுத்தது.

கற்பவை கற்றபின்

1. குறியில்லாத 16 பிட் இடத்தில் அடங்கும் மிகப்பெரிய எண் 65,535. அவ்வட்டுகள் தம் இயக்க நேரத்தை அவ்வகை இடத்தில் மணிக்கணக்கில் பதிந்திருந்தால், எத்தனை ஆண்டுகளில் அது நிரம்பியிருக்கும்? கணக்கிட்டு வகுப்பில் கூறுக.

2. வன்பொருள், மென்பொருள், நிலைப்பொருள் என்பன போலப் 'பொருள்' என்னும் சொல்லை இறுதியாகக் கொண்ட கலைச்சொற்களைத் தொகுத்து, அவை அமைந்த முறையைக் கலந்துரையாடுக.