முன்னாள் படைவீரரும் மருந்து முறையும்

காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் இடத்தில் அமைந்த ஊர் திருக்காட்டுப்பள்ளி. இதனைச் சூழ்ந்துள்ள சிற்றூர்களில், ஏரைப் பிடித்த கையால் துப்பாக்கியையும் பிடித்து, பணி முடிந்து மீண்டும் வயலுக்கே திரும்பியவர்கள் இருக்கின்றனர். 1971-ஆம் ஆண்டுப் போரில் இருபது வயது இளைஞராக நின்றவர், இன்று எழுபதைக் கடந்த முதியவர். அவர்களுடைய உடல் நலத்தைக் காப்பதில் ஊராட்சிக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பணி நிமித்தம் ஒரு சிற்றூருக்குச் சென்றபோது, ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவரைக் கண்டேன். வலக்கை செயலற்றிருந்தது, பேச்சும் குழறியது. நடந்ததை அவர் மனைவியார் கூறினார். ஹவில்தாருக்கு இரத்தக் கொதிப்பு உண்டு. மாதந்தோறும் தஞ்சாவூருக்குச் சென்று மாத்திரை வாங்கி வருவார். சம்பா நடவு தொடங்கிய வேளையில் மாத்திரை தீர்ந்தது. ஆட்கள் வயலில் நிற்க, ஒரு நாளைக் கழித்துத் தஞ்சாவூர் செல்ல அவருக்கு மனமில்லை. உடம்பில் ஒரு நோவும் இல்லையே, நடவு முடிந்த பின் போகலாம் என்றிருந்தார். மூன்று வாரம் சென்றது. ஒரு நாள் காலை வரப்பிலேயே சாய்ந்துவிட்டார்.

அவ்வீட்டில் பணக்குறை இல்லை. மருந்தும் விலையின்றிக் கிடைப்பதே. குறைந்தது ஒரு நாள் மட்டுமே. அதனினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. இரண்டு மைல் தொலைவில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தது. இராணுவத்தாருக்குரிய அட்டை வைத்திருப்பவர் அங்கே மருந்து பெற இயலாது என்று அவர் எண்ணியிருந்தார். அந்த எண்ணம் தவறானது.

நோவில்லாத நோய்கள்

இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் தொடக்கத்தில் வலி தருவதில்லை. ஆதலால் மாத்திரையை நிறுத்தினாலும் உடனே ஒரு மாறுதலும் தெரியாது. ஆயினும் உள்ளே இரத்தக் குழாய்களும், சிறுநீரகமும், கண்ணும், இதயமும் கெட்டுக்கொண்டே வரும். நீர்முறை தவறிய வயலில் பயிர் வாடுவது கண்ணுக்குத் தெரியும். மருந்துமுறை தவறிய உடம்பில் அது தெரிவதில்லை. இந்நோய்களுக்கு மாத்திரை என்பது நோவு வந்தபோது உண்பதன்று, நாள்தோறும் உண்பது.

படைவீரர்களுக்கு வேறு சில தொல்லைகளும் உண்டு. பீரங்கி ஓசையால் செவி மந்தமாகும். சுமையுடன் நடந்த முழங்கால் தேயும். முழங்கால் வலிக்காகக் கடையில் தாமாகவே வலி மாத்திரை வாங்கி உண்போர் பலர். அவ்வகை மாத்திரைகளில் பல இரத்தக் கொதிப்பை உயர்த்தும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். மருத்துவரைக் கேளாமல் அவற்றைத் தொடர்ந்து உண்ணலாகாது. கான்டீனில் கிடைக்கும் மதுவும் இந்நோய்களுக்குப் பகையே.

உரிமை எங்கே உள்ளது?

ஓய்வூதியம் பெறும் முன்னாள் படைவீரர்களுக்காக, மத்திய அரசு பங்களிப்பு மருத்துவத் திட்டம் ஒன்றை 2003-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொடங்கியது. இ.சி.எச்.எஸ். என்று வழங்குவது இதுவே. ஒரு முறை பங்குத் தொகை செலுத்தி உறுப்பினரானவரும், அவர் மனைவியும், விதிகளுக்கு உட்பட்டு அவரைச் சார்ந்த மக்களும் பெற்றோரும் இதில் மருத்துவம் பெறலாம். கணவரை இழந்து குடும்ப ஓய்வூதியம் பெறுபவருக்கும் இவ்வுரிமை உண்டு. திட்டத்தின் மருத்துவகங்கள் தஞ்சாவூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் உள்ளன. உயர் சிகிச்சை வேண்டுமெனில், அங்கிருந்து திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைக்கு அனுப்புவர்.

ஆபத்து நேர்ந்தால் அனுப்புச் சீட்டுக்குக் காத்திருக்க வேண்டுவதில்லை. எந்த மருத்துவமனை அருகில் உள்ளதோ அங்கே சேர்க்கலாம். அது திட்டத்தில் சேராத மருத்துவமனையாயின், 48 மணி நேரத்திற்குள் திட்டத்தின் மருத்துவகத்திற்குத் தகவல் தரவேண்டும். பற்றுச் சீட்டுகள் அனைத்தையும் பத்திரப்படுத்த வேண்டும்.

ஓய்வூதியத்திற்குரிய காலம் நிறையும் முன்னரே பணி நீங்கியவர்களும் நம் ஊர்களில் உள்ளனர். படைவீரர்களுக்கு அக்காலம் பொதுவாகப் பதினைந்து ஆண்டு. ஓய்வூதியம் இல்லாத இவர்கள் தஞ்சாவூரிலுள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுக வேண்டும். மத்திய படைவீரர் வாரியத்தின் மருத்துவ உதவித் தொகைக்கு அங்கே விண்ணப்பிக்கலாம். வருமான வரம்புக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் உண்டு.

இடைவெளியை அடைப்பது எப்படி?

தஞ்சாவூர் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நடவு, அறுவடை, அடைமழைக் காலங்களில் சென்று வருவது எளிதன்று. ஆகவே மாத்திரை தீர்வதற்குப் பத்து நாள் முன்பே புறப்படும் நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். செல்லவே இயலாதபோது, மருந்துச் சீட்டுடன் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ அரசு மருத்துவமனைக்கோ செல்க. அவை எல்லோருக்கும் உரியவை. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர்கள் இவ்விரு நோய்களுக்கும் வீட்டிற்கே மாத்திரை கொணர்கின்றனர். படைவீரர் வீட்டையும் அவர்கள் பட்டியலில் சேர்க்கச் சொல்லலாம். ஆனால் ஒரே மருந்து இரு பெயர்களில் வரக்கூடும். இரண்டையும் சேர்த்து உண்ணாதிருக்கப் பழைய சீட்டை அவசியம் காட்ட வேண்டும்.

வீட்டார் கவனத்திற்கு

மருந்துச் சீட்டு, அடையாள அட்டை, ஓய்வூதிய ஆணை ஆகியவற்றை ஒரே பையில் வைக்க வேண்டும். படைப்பிரிவின் ஆவணத்தில் மனைவியின் பெயர் சரியாகப் பதிவாகியுள்ளதா என்பதைக் கணவர் இருக்கும்போதே பார்த்துக்கொள்க. பின்னர் அலைவது துன்பம். இன்சுலின் போடுவோர், பயன்படுத்தும் குப்பியை வெயிலில் வைக்கலாகாது. குளிர்பெட்டி இல்லாத வீட்டில், ஈரமணலின் மேல் வைத்த மண்கலம் உதவும். குப்பி மட்டும் நனையக் கூடாது.

முகம் ஒருபுறம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாகும். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை முதல் நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தினால்தான் பயனுண்டு. கைமருந்து செய்து நேரத்தைக் கழித்தல் கூடாது.

ஊராட்சியின் பங்கு

இதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் இல்லை. ஊரிலுள்ள முன்னாள் படைவீரர், அவர்தம் விதவையர் ஆகியோரின் பெயர்களை ஒரு பதிவேட்டில் எழுதுக. அட்டை உள்ளதா, இல்லையா என்பதையும் குறிக்க. நோயின் பெயரைக் கூட்டத்தில் படிக்க வேண்டியதில்லை. அது அவரவர் சொந்தச் செய்தி. உறுப்பினர் ஒருவர் தம் வார்டிலுள்ள இவ்வீடுகளுக்கு மாதம் ஒரு முறை சென்று, மாத்திரை எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று கேட்டால் போதும். நடக்க இயலாதவருக்காகப் பிறர் மருந்து வாங்கும் முறையை மருத்துவகத்தில் முன்னரே கேட்டறிந்து வைக்கலாம். சிலர் ஒரே நாளில் சேர்ந்து சென்றால் வண்டிச் செலவும் குறையும்.

டிசம்பர் 7-ஆம் நாள் கொடி நாளன்று நாம் உண்டியலில் பணம் இடுகிறோம். அது நல்ல செயலே. மேற்சொன்ன ஹவில்தாரின் வீட்டிற்கு நடவுக் காலத்தில் ஒருவர் சென்று கேட்டிருந்தால், அவருடைய வலக்கை இன்றும் வேலை செய்துகொண்டிருக்கலாம். அடுத்த நடவு தொடங்கும் முன்பே இப்பதிவேட்டை எழுதி முடிக்க ஒவ்வோர் ஊராட்சியும் முன்வர வேண்டும்.