மூக்கா, வாலா?

கேள்வி: கிளிமூக்கு விசிறிவால் சேவல் வளர்க்கிறேன். வால் அருமை, மூக்குதான் நேராக இருக்கிறது. கண்காட்சியில் பரிசு கிடைக்குமா?
– வாசகர், மகாராஜபுரம்

பதில்: கஷ்டம்தான். நாய்க்குப் பேர்போன ராஜபாளையம் பக்கத்தில் இருந்துகொண்டு கோழியைக் கேட்கிறீர்களே, அதற்கே ஒரு பரிசு தரலாம்! பெயரிலேயே மூக்கு முதலில் நிற்கிறது: குட்டையாக, தடித்து, கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும். மேலலகும் கீழலகும் பொருந்தாமல் தீனி பொறுக்கத் திணறினால் அது அழகல்ல, ஊனம். வால் நீண்டால் மட்டும் போதாது, விசிறியாய் விரிய வேண்டும். மயில், கீரி, காகம் என்ற நிறமெல்லாம் எனக்கு அப்புறம்தான்.

அமெரிக்காவில் கோழி இலக்கணத்துக்கு 1874லேயே புத்தகம் போட்டுவிட்டார்கள். கிளிமூக்கு சேர்ந்த நம் அசீல் இனம் அதில் ஏறியது 1981ல். இங்கே நடுவரின் கண்தான் புத்தகம்.

சேவலை விற்றுவிடாதீர்கள். நல்ல மூக்குள்ள பெட்டையோடு சேருங்கள். பலரும் சேவலுக்குக் காசைக் கொட்டிவிட்டு, பெட்டை ஏதோ ஒன்று என்று விட்டுவிடுகிறார்கள். குஞ்சுக்குப் பாதி அங்கிருந்துதானே வருகிறது? ஒரே அடைக் குஞ்சுகளையே தலைமுறை தலைமுறையாக இணைத்தால் பொரிப்பு குறையும்.

கண்காட்சிக்கு இரண்டு வாரம் முன்பே வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போடுங்கள். திரும்பி வந்ததும் இரண்டு வாரம் தனிக்கூண்டில் வையுங்கள்.