கயாக்கைத் திருப்பும் கலை

உலகின் மிகப் பெரிய தீவு கிரீன்லாந்து. அதன் பெரும்பகுதியைப் பனிப்பாளம் மூடியிருக்கிறது. உழவுக்கு இடம் அரிதாகிய அந்நாட்டில், இன்யூட் மக்களுக்குக் கடலே வயலாயிற்று. சீல் முதலிய கடல் விலங்குகளை வேட்டையாட அவர்கள் கண்ட படகே கயாக் என்பது.

அங்கு மரமும் அரிது. ஆகவே, கடலில் மிதந்து வந்து கரையில் ஒதுங்கும் கட்டைகளால் சட்டம் அமைத்து, அதன்மேல் சீல் தோலை இழுத்துத் தைத்தனர். கயாக்கின் நீளம் ஏறத்தாழ 5 மீட்டர். அகலமோ அரை மீட்டர். அதில் ஒருவரே அமர இயலும்.

நீண்டு ஒடுங்கிய படகு நேராக விரைந்து செல்லும். ஆனால் எளிதில் திரும்பாது. பனிக்கட்டி எதிர்ப்படும்போது திருப்ப இயலாவிடில் உயிருக்கே இடர் நேரும். உறைநிலையை ஒட்டிய அந்நீரில் வீழ்ந்தவன் நெடுநேரம் பிழைத்திரான்.

படகை வலப்புறம் திருப்ப வேண்டுமாயின், இடப்புறத்தில் முன்முனைக்கு அருகே துடுப்பை நட்டு, அகன்ற அரைவட்டமாகப் பின்முனைவரை வீச வேண்டும். கை மட்டும் உழைத்தால் விரைவில் சோர்ந்துவிடும்; ஆதலின் இடுப்பிலிருந்து உடல் முழுவதையும் திருப்புதல் வேண்டும். அவ்வமயம் படகையும் இடப்புறமாகச் சற்றே சாய்ப்பர். சாயும்போது இரு முனைகளும் ஓரளவு மேலெழும். நீரில் அமிழ்ந்த நீளம் குறையும். குறையவே படகு எளிதில் திரும்பும்.

காலம் அறிதலும் இன்றியமையாதது. அலையின் பள்ளத்தில் இரு முனைகளும் நீரில் புதைந்திருக்கும். அங்கே பல வீச்சும் பயன் தரா. அலையின் உச்சியிலோ முனைகள் நீரைவிட்டு நிற்கும்; அங்கே ஒரு வீச்சே போதும்.

சாய்வு அளவு மீறினால் படகு கவிழும். அதற்கும் அம்மக்கள் வழி கண்டனர். நீர்புகாத தோற்சட்டையின் விளிம்பைப் படகின் வாயோடு இறுகக் கட்டிக்கொள்வர். கவிழ்ந்தாலும் படகினுள் நீர் புகாது. தலைகீழாக நின்ற நிலையிலேயே துடுப்பை வீசி, இடுப்பை அசைத்து, மீண்டும் நிமிர்வர். இப்பயிற்சியை இளமையிலேயே பெற்றனர்.

வட கிரீன்லாந்தின் கானாக் பகுதியில், நார்வால் என்னும் திமிங்கில வேட்டைக்கு இன்றும் கயாக்கே பயன்படுகிறது. இயந்திரப் படகின் ஒலி அவ்விலங்கை வெருட்டிவிடும். கயாக்கோ ஓசையின்றி அணுகும்.

கடலை வலிமையால் வெல்ல எவராலும் இயலாது. அதன் இயல்பை அறிந்து, உரிய இடத்தில் உரிய நேரத்தில் செய்யும் சிறு முயற்சியே பெரும்பயன் தரும்.