தொழிற்சாலை வந்த பின்னர்

நாற்றை நடுவதோடு வேலை முடிவதில்லை என்பதை உழவர்க்கு எடுத்துக் கூற வேண்டியதில்லை. நீர் பாய்ச்சுதல், களையெடுத்தல், உரமிடுதல் ஆகிய பின்வேலைகளே விளைச்சலை நிர்ணயிக்கின்றன. அயல்நாட்டார் முதலீடு செய்து நிறுவும் தொழிற்சாலைகளுக்கும் இது பொருந்தும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுதல் நடவு போன்றது. அதன்பின் ஆண்டுதோறும் அளிக்கும் ஒத்துழைப்பே அத்தொழிலை நம் மண்ணில் வேரூன்றச் செய்யும்.

ஸ்ரீபெரும்புதூரின் பாடம்

பின்லாந்து நாட்டு நோக்கியா நிறுவனம் 2006-ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூரில் கைபேசி ஆலையைத் தொடங்கிற்று. சுற்றுக் கிராமங்களிலிருந்தும் தொலை மாவட்டங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான இளைஞரும் இளம்பெண்களும் அங்கு வேலை பெற்றனர். 2013-இல் வரி பற்றிய வழக்கு முற்றியது. கைபேசிச் சந்தையும் மாறிக்கொண்டிருந்தது. 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூறுதல் நம் நோக்கமன்று. பிணக்கு சிறிதாக இருக்கும்போதே பேசித் தீர்க்கும் ஏற்பாடு வேண்டும் என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம். பூட்டிய ஆலையை மற்றொரு நிறுவனம் எடுத்துக்கொள்ளும் செய்தி 2019-இல்தான் வந்தது. ஆனால் வேலை இழந்த குடும்பங்கள் ஐந்தாண்டுகள் காத்திருக்க இயலுமா?

பினாங்கு காட்டிய வழி

தமிழரும் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் மலேசியாவின் பினாங்குத் தீவு, 1969-இல் சுங்கவரியற்ற துறைமுகம் என்னும் சலுகையை இழந்தது. வேலையின்மை பெருகியது. அவ்வாண்டே மாநில அரசு ஒரு வளர்ச்சிக் கழகத்தை அமைத்தது. 1972-இல் பாயான் லெப்பாஸில், நெல் விளைந்த நிலப்பகுதியில், தொழிற்பேட்டை எழுந்தது. அமெரிக்காவின் இன்டெல் முதலிய நிறுவனங்கள் அங்கு வந்தன.

அழைத்து வந்ததோடு கழகத்தார் ஓயவில்லை. ஆலை மேலாளர்களுடன் தொடர்ந்து கலந்து பேசி, குறைகளைக் கேட்டு, உரிய துறைகளுக்குக் கொண்டு சென்றனர். தேர்ச்சி பெற்ற தொழிலாளர் போதவில்லை என்ற குறை எழுந்தபோது, 1989-இல் ஒரு பயிற்சி நிலையம் தோன்றியது. அரசு இடவசதி அளித்தது. ஆலைகள் கருவிகளும் பயிற்றுநரும் தந்தன. உள்ளூர்ப் பட்டறைகள் ஆலைகளுக்கு வேண்டிய உதிரிப் பாகங்களைச் செய்து வளர்ந்தன. தொடக்கத்தில் சில்லுகளைப் பொருத்தி அனுப்பிய இன்டெல், பிற்காலத்தில் அவற்றை வடிவமைக்கும் பணியையும் அங்கேயே மேற்கொண்டது. 2021-இல், பத்தாண்டுகளில் மேலும் 3,000 கோடி ரிங்கிட் மலேசியாவில் முதலிடுவதாக அறிவித்தது. வந்தவர் நிலைத்தனர்; நிலைத்தவர் பெருக்கினர்.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

வரிச் சலுகையும் துறைமுகமும் ஊராட்சியின் கையில் இல்லை. எனினும் பின்வரும் பணிகள் நம்மால் இயலும்.

1. ஆலை நிர்வாகத்தாரை ஆண்டுக்கு இருமுறையேனும் சந்தித்து, சாலை, வடிகால், தெருவிளக்கு, பேருந்து பற்றிய தேவைகளைக் கேட்டறிதல்.

2. எத்தகைய தேர்ச்சியுள்ளோர் வேண்டும் எனத் தெரிந்து, ஊர் இளைஞரை உரிய தொழிற்பயிற்சி நிலையத்தில் சேரச் செய்தல்.

3. ஆலை உணவகத்துக்குக் காய்கறியும் பாலும், ஆலைக்குச் சிறு உதிரிப் பாகங்களும் உள்ளூரிலிருந்தே செல்ல வழிகாணுதல். உள்ளூரிலேயே பொருள் கிடைக்கும் ஆலைக்கு ஊரை விட்டுப் போக எளிதில் மனம் வராது.

4. கழிவுநீர் ஏரியில் கலந்தாலோ, நிலத்தடி நீர் குறைந்தாலோ, காலந்தாழ்த்தாது நிர்வாகத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்தல்.

பேணுதல் என்பது பணிந்து போதல் அன்று. ஏரியைக் காக்கும் உரிமையை விட்டுக்கொடுத்துப் பெறும் தொழில் ஊருக்கு வாழ்வாகாது. இருதரப்பும் தத்தம் குறையை அஞ்சாது கூறித் தீர்த்துக்கொள்ளும் உறவே நீடிக்கும். நிலம் கொடுத்த ஊரார், அந்நிலத்தில் எழுந்த தொழில் தம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் நிலைத்திருக்கக் காண வேண்டுமானால், இப்பணியை இன்றே தொடங்குவாராக!