பிங் எகிறுதா? பிளானை மாத்துறதுக்கு முன்னாடி ரௌட்டரைக் கவனி, தம்பி!

தம்பி, "நெட் ஸ்லோ, 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறிடலாம்"னு அப்பாகிட்ட கேக்கப் போறியா? கொஞ்சம் பொறு. வேலரன்ட், பிஜிஎம்ஐ, கவுன்ட்டர் ஸ்ட்ரைக் எதுவா இருந்தாலும் விளையாடும்போது அதுக்கு ஒண்ணு ரெண்டு எம்பிபிஎஸ் கிடைச்சாலே தாராளம். பெரிய பிளான் உதவுறது கேமை டவுன்லோடு பண்ணவும் அப்டேட் போடவும்தான். விளையாட்டுல உன்னைத் தோக்கடிக்கிறது வேற மூணு விஷயம்: சர்வருக்குத் தகவல் போய்த் திரும்புற நேரமான பிங், அது நிலையில்லாம ஏறி இறங்குற ஜிட்டர், நடுவுல தொலைஞ்சு போற பேக்கெட்.

பிங்ல ஒரு பகுதியை யாராலயும் குறைக்க முடியாது. ஃபைபர்ல ஒளி ஒரு மில்லிசெகண்டுக்குச் சுமார் 200 கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து மும்பை நேர்கோட்டுல ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல. போய்த் திரும்பவே 10 மில்லிசெகண்ட் வேணும். கேபிள் நேர்கோட்டுல போறதில்லை, அதனால நடைமுறையில 25, 30 வந்தா அது நல்ல பிங். சிங்கப்பூர் சர்வர்னா இன்னும் ஏறும். அதனால கேம் செட்டிங்ஸ்ல எந்த ஊர் சர்வர்னு முதல்ல பாரு. வேலரன்ட்டுக்கு மும்பையில சர்வர் இருக்கு, கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2-க்கு மும்பை, சென்னை ரெண்டுலயும் இருக்கு. பக்கத்துல இருக்கிறதை விட்டுட்டுத் தூரத்து ஊரைத் தேர்ந்தெடுத்து வச்சிருந்தா, ரௌட்டர்ல எதை மாத்தியும் பிரயோஜனமில்லை.

அடுத்தது, கோளாறு வீட்டுக்குள்ளயா வெளியிலயான்னு கண்டுபிடி. இதைச் செய்யாம எதையும் வாங்காதே. கம்ப்யூட்டர்ல கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ரௌட்டருக்கு ஒரு பிங் ஓட விடு. ரௌட்டரோட முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1-ஆ இருக்கும், அடியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல போட்டிருப்பாங்க. இன்னொரு விண்டோவுல, வீட்டுக்கு வெளிய இருக்கிற 8.8.8.8-க்கு ஓட விடு. மொபைல்ல விளையாடுறவங்களுக்கு இதையே செய்ய இலவச ஆப் இருக்கு. ரெண்டையும் ஓடவிட்டுட்டு ஒரு மேட்ச் ஆடு. ரௌட்டருக்குப் போற பிங்கே 40, 80-ன்னு குதிச்சா குற்றவாளி வைஃபை. அது ஒண்ணு ரெண்டுல அமைதியா இருந்து, வெளிய போறது மட்டும் குதிச்சா, ஒண்ணு லைன் நிரம்பி வழியுது, இல்லைன்னா கம்பெனி பக்கத்துக் கோளாறு.

வைஃபைக்கு முதல் மருந்து வைஃபையே இல்லாம பண்றதுதான். ரௌட்டர்லேர்ந்து ஒரு லேன் கேபிளை இழு. கேட் 5ஈ போதும், கேட் 6 கிடைச்சா சந்தோஷம். ரெண்டுமே 100 மீட்டர் வரைக்கும் ஒரு ஜிகாபிட் தாங்கும். வாங்கும்போது முழுக் காப்பரான்னு கேளு, அலுமினியத்துல காப்பர் பூசின மலிவு கேபிள் சீக்கிரம் ஒடியும். கரன்ட் ஒயர் போற பைப்புக்குள்ள மட்டும் இதை விடாதே, அது ஆபத்து. சுவரோரமா கிளிப் அடிச்சுக் கொண்டு போனா அம்மாவும் திட்ட மாட்டாங்க. வீட்டைச் சுத்திக் கேபிள் இழுக்க ஆகிற செலவு, எட்டு ஆன்டெனா வச்ச கேமிங் ரௌட்டர் விலையில சின்னப் பங்குதான். பலன் இதுலதான் அதிகம்.

கேபிள் இழுக்கவே முடியாத வீடுன்னா, ரௌட்டரை இடம் மாத்து. கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர் ஃபைபர் உள்ள வந்த ஜன்னலோரத்துல மாட்டிட்டுப் போயிருப்பார். அங்கேயே அது இருக்கணும்னு ஒரு கட்டாயமும் இல்லை. இரும்பு பீரோ, ஃப்ரிட்ஜ், பெரிய கண்ணாடி, டிவி இதுங்களுக்குப் பின்னால வேண்டாம், லாஃப்ட் வேண்டவே வேண்டாம். நீ விளையாடுற அறையிலிருந்து ஒரு சுவர் தூரத்துல, தலை உயரத்துல இருக்கட்டும்.

அப்புறம் 2.4 கிகாஹெர்ட்ஸை விட்டு 5-க்கு வா. 2.4-ல ஒண்ணு மேல ஒண்ணு படாத சேனல் 1, 6, 11 இந்த மூணுதான். அந்த மூணுலதான் பக்கத்து வீடுகள், ப்ளூடூத் ஹெட்செட், மைக்ரோவேவ் அவன் எல்லாம் முட்டி மோதுது. ரௌட்டர் ரெண்டையும் ஒரே பேர்ல காட்டினா, செட்டிங்ஸ்ல போய்த் தனித்தனிப் பேர் வச்சு, உன் போனை 5-ல மட்டும் சேர். சேனல் 36 முதல் 48 வரை, அல்லது 149-க்கு மேல வை. நடுவுல இருக்கிற 52 முதல் 144 வரை ரேடாருக்கும் உரிய இடம். ரேடார் மாதிரி ஏதாவது தெரிஞ்சா பல ரௌட்டர்கள் அந்தச் சேனலை விட்டு விலகிடும், அப்போ உன் கேம் அறுந்து போகும். அடுக்குமாடியில இருக்கிறவங்க சேனல் அகலத்தை 80-லேர்ந்து 40 மெகாஹெர்ட்ஸா குறைச்சா நெரிசல் குறையும்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வரேன். நீ தனியா விளையாடும்போது பிங் 30, அண்ணி போன்ல போட்டோ பேக்அப் ஆரம்பிச்சதும் 300. ஏன்? ரௌட்டரும் மோடமும் அனுப்ப முடியாத பேக்கெட்டையெல்லாம் ஒரு வரிசையில தேக்கி வைக்குது. டிக்கெட் கவுண்டர்ல ஊருக்கே டிக்கெட் எடுக்க ஒருத்தர் நிக்க, ஒரே ஒரு டிக்கெட் வேணுங்கிற நீ அவருக்குப் பின்னால நிக்கிற கதை. ஜிம் கெட்டிஸ்ங்கிற அமெரிக்கப் பொறியாளர் 2010 வாக்குல தன் வீட்டு இணைப்புலயே இதைத் துருவிப் பார்த்து உலகத்துக்குச் சொன்னார். பேரு பஃபர்ப்ளோட். 2012-ல கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் தேங்கும் நேரத்தைக் கணக்குப் பார்த்து வரிசையைச் சுருக்குற கோடெல் முறையைக் கொண்டு வந்தாங்க. அதுலேர்ந்து வளர்ந்ததுதான் இன்னிக்கு ஓப்பன்டபிள்யூஆர்டி ரௌட்டர்கள்ல இருக்கிற எஸ்க்யூஎம், கேக் வசதியெல்லாம்.

உன் வீட்ல இது இருக்கான்னு பார்க்க ஃபாஸ்ட் டாட் காம் போதும். அதுல கூடுதல் விவரத்தைத் தட்டினா லைன் சும்மா இருக்கும்போது எவ்வளவு தாமதம், நிரம்பியிருக்கும்போது எவ்வளவுன்னு ரெண்டையும் காட்டும். ரெண்டாவது எண் ரொம்ப எகிறினா எஸ்க்யூஎம் வேணும். ரௌட்டர்ல அந்த வசதி இருந்தா, நீ அளந்த வேகத்துல 85, 90 சதவீதத்தை டவுன்லோடுக்கும் அப்லோடுக்கும் தனித்தனியா எல்லையா போடு. வேகத்துல கொஞ்சம் விட்டுக் கொடுக்கிறோம்தான். ஆனா அப்படிச் செஞ்சாத்தான் வரிசை கம்பெனி மோடத்துல தேங்காம நம்ம ரௌட்டர் கைக்கு வரும். பழைய ரௌட்டர்களோட சிப் பெரிய வேகத்துக்கு இதைத் தாங்காது, அதையும் பார்த்துக்கோ. வசதியே இல்லைன்னா, போட்டோ பேக்அப்பை ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் வச்சுக்கச் சொல்லு, கேம் அப்டேட்டையும் அப்போ போடு.

உன் கம்ப்யூட்டருக்கு மட்டும் முதலிடம் கொடுக்கிற பட்டனும் சில ரௌட்டர்ல இருக்கு. அதை நான் சிபாரிசு பண்ண மாட்டேன். எஸ்க்யூஎம் போட்டா அம்மாவோட வீடியோ கால், அண்ணனோட ஆபீஸ் மீட்டிங் எல்லாம் சேர்ந்து சீராகும். ஒரே லைன்ல ஒரு குடும்பமே இருக்கு.

வாய்ஸ் சாட் கேக்கலை, நண்பனோட லாபியில சேர முடியலைன்னா அது பெரும்பாலும் நாட் பிரச்சினை, அதாவது வீட்ல இருக்கிற எல்லாத்தையும் ஒரே முகவரிக்குப் பின்னால வைக்கிற முறையோட சிக்கல். யூபிஎன்பி ஆன்ல இருக்கான்னு பாரு. கம்பெனி கொடுத்த பெட்டிக்குப் பின்னால நீ இன்னொரு ரௌட்டர் மாட்டியிருந்தா ரெண்டு நாட் ஆயிடும். ஒண்ணை பிரிட்ஜ் மோடுக்கோ ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கோ மாத்து. ரௌட்டர்ல வான் ஐபி 100.64-லேர்ந்து 100.127-க்குள்ள ஆரம்பிச்சா, கம்பெனி பலரை ஒரே முகவரிக்குள்ள வச்சிருக்குன்னு அர்த்தம். அப்போ போர்ட் ஃபார்வர்டிங்கோட மல்லுக்கட்டாதே, ஐபிவி6 இருக்கான்னு கேளு, இல்லைன்னா ஸ்டாட்டிக் ஐபி காசு கொடுத்து வாங்கணும். யாரோ சொன்னாங்கன்னு டிஎம்இசட்ல கம்ப்யூட்டரைப் போடாதே, அது வெளியுலகத்துக்கு வாசலைத் திறந்து விடுற வேலை. ரௌட்டரோட அட்மின் பாஸ்வேர்டையும் இன்னிக்கே மாத்திடு.

டிஎன்எஸ் மாத்தினா பிங் குறையும்னு யாராவது சொன்னா நம்பாதே. அது பேரை வச்சு முகவரியைத் தேடுற வேலை, மேட்ச் தொடங்கினப்புறம் அதுக்குப் பங்கே இல்லை. பிங் பூஸ்டர்னு விக்கிற ஆப்புக்கும் முதல்லயே காசு கட்டாதே.

இவ்வளவும் செஞ்சு, கேபிள்லயும் மாட்டி, வேற யாரும் நெட்டைத் தொடாதப்போ ராத்திரி எட்டு, ஒம்பது மணிக்கு வெளிப் பிங் மட்டும் எகிறுதுன்னா, தப்பு உன் வீட்ல இல்லை. ரெண்டு பிங் விண்டோவையும் தேதி, நேரம் தெரியற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடு. கஸ்டமர் கேர்ல "நெட் ஸ்லோ"ன்னு சொல்லாதே, சொன்னா ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டிட்டுப் போயிடுவாங்க. "ரௌட்டர் வரைக்கும் பிங் சரியா இருக்கு, அதுக்கு மேல பேக்கெட் லாஸ், இந்த நேரத்துல வருது"ன்னு சொல்லு. கம்ப்ளைன்ட் நம்பர் வாங்காம போனை வைக்காதே.